ஆஷா நட்ட செடி

கென்ய இயக்குநர் வனூரி கஹியுவின் ‘பும்ஸி’ அரை மணி நேரம்கூட ஓடாத படம். 2010 சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டது. படத்தின் கதையில், தண்ணீருக்காக நடந்த மூன்றாம் உலகப் போர் முடிந்து 35 ஆண்டுகள் ஆகின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவில் மனிதர்கள் மூடிய குடியிருப்புக்குள் வாழ்கிறார்கள். தண்ணீர் அளந்துதான் கிடைக்கும். வேர்வையும் சிறுநீரும் சுத்தமாகிக் குடிநீராகத் திரும்பும். வெளியே எதுவும் உயிரோடில்லை என்பது அதிகாரத்தின் முடிவான பேச்சு. கண்மாய் பெருகுமா என்று ஐப்பசி வானத்தைப் பார்த்தே வளர்ந்த, கரிசல் மண்ணின் மல்லாங்கிணற்றுப் பக்கத்து ஆட்களுக்கு இந்த உலகத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அங்கே அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கும் கறுப்பினப் பெண் ஆஷா. யார் அனுப்பியது என்று தெரியாமல் அவளுக்கு ஒரு பிடி மண் வருகிறது. கருவியில் சோதிக்கிறாள், ஈரம் இருக்கிறது. பிறகு முகர்ந்து பார்க்கிறாள். எனக்குப் படத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான். முதல் மழை விழுந்த கரிசலைக் கையில் அள்ளிப் பார்க்கிற சம்சாரியின் அறிவும் விஞ்ஞானியின் அறிவும் அந்த ஒரு பெண்ணிடம் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்று மற்றொன்றைக் கேலி செய்யவில்லை.

ஆஷாவாக நடித்த குட்ஸானி மோஸ்வேலாவுக்கு வசனம் மிகக் குறைவு. முகம்தான் கதை சொல்கிறது. அந்த முகத்தைக் கேமரா எப்படிப் பார்க்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பல பத்தாண்டுகள் கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய வண்ண அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் முகம். அவள் தோல் சரியாக விழுந்தால் நிறம் சரி என்று கணக்கு. கறுத்த முகங்கள் அந்தக் கணக்கில் இருட்டுக்குள் போயின. ‘பும்ஸி’யில் சுவர்களும் கருவிகளும் வெளிறிக் கிடக்க, ஆஷாவின் கறுப்பு ஒன்றுதான் உயிருள்ள நிறமாகத் தெரிகிறது. வேர்வை பூத்த நெற்றியை வெளுக்கவைக்க யாரும் முயலவில்லை.

அறிவியல் கற்பனையில் கறுப்பினப் பெண் இந்த இடத்துக்கு வர நெடுங்காலம் பிடித்தது. 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடங்கியபோது, விண்கலத்தின் தகவல் தொடர்பு அதிகாரி உஹுராவாக நிஷெல் நிக்கோல்ஸ் உட்கார்ந்தார். கறுப்பினப் பெண் என்றாலே வேலைக்காரி வேடம் என்றிருந்த காலம். முதல் ஆண்டு முடிவில் விலக நினைத்தவரை, விலகக் கூடாது என்று தடுத்தவர் மார்ட்டின் லூதர் கிங். உஹுராவைப் பார்த்து வளர்ந்த சிறுமி மே ஜெமிசன், 1992இல் என்டெவர் ஓடத்தில் பறந்து விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். மறு ஆண்டு அதே ‘ஸ்டார் ட்ரெக்’ வரிசையில் நடிக்கவும் செய்தார். கற்பனை ஒரு நாற்காலியை ஒதுக்கியது, நிஜம் வந்து உட்கார்ந்தது.

2018இல் வந்த ‘பிளாக் பாந்தர்’ படத்தில் டனாய் குரைரா நடித்த போர்வீராங்கனை ஒகோயே, மாறுவேடத்துக்காக வைத்த பொய்முடியைச் சண்டை நடுவே பிடுங்கி எதிரியின் முகத்தில் எறிகிறாள். மொட்டைத் தலையோடு அவள் ஈட்டி சுழற்றும்போது, அழகு என்று நமக்குச் சொல்லித்தரப்பட்டது அத்தனையும் அந்த முடியோடு சேர்ந்து விழுகிறது.

நம் பக்கம் வருவோம். தமிழ் சினிமாவின் அறிவியல் கற்பனை இளையதல்ல. 1963லேயே ‘கலை அரசி’யில் வேற்றுக் கிரகத்தார் இசை கற்றுக்கொள்வதற்காகப் பானுமதியைத் தூக்கிப் போனார்கள். ஒரு பெண்ணின் கலைக்காக வானத்திலிருந்து இறங்கி வருகிற கதையை அப்போதே யோசித்தவர்கள் நாம். ஆனால் 2010இன் ‘எந்திரன்’ நாயகி ஐஸ்வர்யா ராய். 2018இன் ‘2.0’வில் நிலா என்ற இயந்திரப் பெண்ணாக வந்தவர் இங்கிலாந்திலிருந்து வந்த எமி ஜாக்சன். அவர்கள் நடிப்பைப் பற்றி எனக்குக் குறையில்லை. இங்கே ஆய்வகத்தில் புதிதாகச் செய்யப்படும் பெண்ணுக்கும் வெள்ளைத் தோல்தான் தைக்கப்படுகிறது என்பதுதான் வருத்தம். நிகழ்காலத்தில் காட்டும் ஓரவஞ்சனையை எதிர்காலத்துக்கும் எழுதிவைக்கிறோம்.

கவிதை இந்தத் தவற்றைச் செய்யவில்லை. மல்லாங்கிணற்றில் பிறந்த தமிழச்சி தங்கபாண்டியன் ‘எஞ்சோட்டுப் பெண்’, ‘வனப்பேச்சி’, ‘மஞ்சணத்தி’ என்று தொகுப்புகளுக்குப் பெயர் வைத்தபோதே கரிசல் பெண்ணை நடுவில் நிறுத்திவிட்டார். அந்த ‘வனப்பேச்சி’யின் பேச்சி காட்டுக்கும் சொந்தம், நகரத்தில் வாழும் பெண்ணின் மனசுக்கும் சொந்தம். அவளை விண்கலத்தில் ஏற்றுவது ஒரு நல்ல இயக்குநருக்குப் பெரிய தாவல் அல்ல.

‘பும்ஸி’யின் முடிவில் ஆஷா தடையை மீறி வெளியேறுகிறாள். தப்பிக்க உதவுவது கழிப்பறை சுத்தம் செய்யும் பெண். அந்த மண்ணில் முளைத்த செடியைப் பாலைவனத்தில் நட்டு, மிச்சமிருக்கும் தண்ணீரை ஊற்றி, தன் உடம்பையே நிழலாகக் கொடுத்துப் படுக்கிறாள். அது தியாகமாக மட்டும் எனக்குத் தெரியவில்லை, வேலை தெரிந்தவளின் தீர்மானமாகத் தெரிகிறது. மானாவாரியில் விதை போட்டு, மழை தப்பினால் மறுபடி விதைக்கும் பெண்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரமெங்கும் இருக்கிறார்கள். தண்ணீர் இல்லாத நாளைப் பற்றி உலகம் பயந்து படம் எடுக்கும் இந்தக் காலத்தில், அந்த நாளோடு தலைமுறைகளாக மல்லுக்கட்டியவள் கரிசல்காரி. தமிழில் எதிர்காலத்தைப் படமாக்குகிறவர்கள் நடிகையைத் தேடுமுன் அவளைத் தேடி வர வேண்டும். கேமராவின் வெளிச்சத்தை அவள் நிறத்துக்கு ஏற்ப அமைக்கக் கற்றுக்கொண்டால், உலகம் இதுவரை பார்க்காத ஓர் அறிவியல் கதை நம்மிடமிருந்து வரும்.