அலிஸும் அரசியலும்: அங்கதப் போலிகளைத் தொகுத்தல் பற்றிய ஒரு நோக்கு

லூயிஸ் கரோல் 1865இல் வெளியிட்ட அலிஸின் அற்புத உலகக் கதை சிறுவருக்கென எழுதப்பட்டதாயினும், அரசியல் எழுத்தாளரும் அதனைத் தமக்குரியதாக்கிக்கொண்டனர். இது தற்செயலானதன்று. அந்நூலுக்குச் சித்திரந் தீட்டிய ஜோன் ரெனியல் 'பஞ்ச்' சஞ்சிகையின் அரசியற் கேலிச்சித்திரக்காரர். அலிஸின் உலகம் தொடக்கத்திலேயே அரசியற் கேலியில் தேர்ந்த கையால் வரையப்பட்டது எனலாம்.

அக்கதையைத் தழுவியெழுந்த அங்கதப் போலிகளைப் பழைய நூல் சேகரிப்போர் தேடிப் பெறுகின்றனர். பிரதியின் அருமையொன்றே அளவுகோலாயின் அவை அலுமாரிப் பொருள்களாகவே எஞ்சும். ஒரே கதையைப் பலர் கையாண்ட முறைகளை ஒப்புநோக்க உதவுவதிலேயே தொகுப்பின் பயன் தங்கியுள்ளது.

1902இல் நூலுருப்பெற்ற இரண்டினை நோக்குவோம். சாகி என்ற புனைபெயர் கொண்ட எச். எச். மன்றோ 'வெஸ்ற்மின்ஸ்ரர் கசற்' பத்திரிகையில் எழுதியவை 'வெஸ்ற்மின்ஸ்ரர் அலிஸ்' ஆயின. 'பிளண்டர்லாந்தில் கிளாரா', கரோலைன் லூயிஸ் என்ற பெயருக்குப் பின் மறைந்த மூவரின் ஆக்கம். இரண்டும் போயர் யுத்தகால ஆட்சியாளரைச் சாடுகின்றன. எனினும், சாகியின் அலிஸ் அமைச்சரிடையே அகப்பட்டு வினாத்தொடுக்கும் சிறுமி. கிளாராவோ ஆதர் பல்போரின் மாறுவேடம்.

இவ்வேறுபாடு சிறிதன்று. மூலக்கதையில் அதிகாரத்தின் சொற்கள் பொருளற்றவை என்பது அலிஸின் வினாக்களாலேயே வெளிப்படுகின்றது. அவளிடத்தில் ஆட்சியாளரை நிறுத்தும்போது வினவுங் குரல் நலிகின்றது. எஞ்சுவது ஆளடையாளம் காணும் விளையாட்டே. பெயர்கள் மறக்கப்பட்டதும் அதன் சுவையும் மங்குகின்றது. 1939இல் ஜேம்ஸ் டைரன்போர்த்தும் மக்ஸ் கெஸ்ரரும் எழுதிய 'பிளண்டர்லாந்தில் அடொல்ப்' ஹிற்லரையே அலிஸின் இடத்தில் வைத்தது. அப்பெயர் மறக்கப்படவில்லை. ஆயினும் வாசகரின் பரிவுக்குரிய சிறுமியின் இடத்திற் கொடுங்கோலனை நிறுத்துதல், அவனது கொடுமையை வெறும் பேதைமையாகச் சுருக்கிவிடும் அபாயமுடையது.

வடிவச் சிறப்பு கருத்துச் சிறப்புக்கு உத்தரவாதமன்று என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அமெரிக்கரான ஜோன் கெண்ட்றிக் பாங்ஸ் 1907இல் வெளியிட்ட 'பிளண்டர்லாந்தில் அலிஸ்' நகரசபைப் பொதுவுடைமையை எள்ளுகின்றது. அங்கும் அலிஸ் வினவும் சிறுமியே. அங்கதம் என்றும் முற்போக்கின் பக்கமே நிற்கும் என்ற நம்பிக்கையை இந்நூல் மறுக்கின்றது.

ஆதலின் தொகுப்பாளர் தம் சார்புக்கு உகந்தவற்றை மாத்திரம் பேணுதல் தகாது. தோல்வியுற்ற போலியும், ஏற்கவியலாத கொள்கையுடைய போலியும் அருகருகே இருக்கும்போதே, நகைப்பு எப்பொழுது விமரிசனமாகின்றது, எப்பொழுது வெறும் வசையாகத் தேய்கின்றது என்பதை மாணவர் கண்டறிய முடியும். யாரை நோக்கி நகைக்கிறோம் என்பதோடு, யார் வாய்மொழியாக வினவுகிறோம் என்பதையும் கேட்கத் தூண்டுவதே அத்தொகுப்பின் பெறுமதி.