பிரிக்கிற கை

ஒரு அறிவிப்புத் தாளை விமர்சனம் செய்யப்போகிறேன். இதெல்லாம் இலக்கியமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். தமிழ் எம்.ஏ. படித்தவள் நான். ராசாக்களைப் பாடிய பாட்டுக்கெல்லாம் உரை படித்து மார்க் வாங்கியிருக்கிறேன். என் சின்னம்மாவின் நாளை நிர்ணயிக்கிற நாலு வரிக்கு உரை சொல்லாமல் வேறு எதற்கு அந்தப் படிப்பு?

சின்னம்மாவுக்குச் சிதம்பரத்துக்குத் தெற்கே எங்கள் காலனி. நாற்று நட்ட கை. 2015 வெள்ளத்தில் நடவெல்லாம் போனபிறகு சென்னைக்குப் போனது. பழைய மாமல்லபுரம் சாலையில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் 'ஹவுஸ்கீப்பிங்'. போன மாசம் பார்க்கப் போனேன். காவலாளி என்னைக் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டேன்.

'குப்பை காலை 8 மணிக்குள் வாசலில் வைக்கப்பட வேண்டும். மக்கும் குப்பை, மக்காத குப்பை எனப் பிரிக்கப்படும். சர்வீஸ் லிஃப்ட் வழியாக மட்டுமே கீழே கொண்டுசெல்லப்படும். 9 மணிக்கு மேல் வாசலில் குப்பை காணப்பட்டால் அபராதம் விதிக்கப்படும்.'

ஒரு வினை என்றால் அதில் ஆறு சங்கதி இருக்கும் என்கிறது நன்னூல். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். இந்த அறிவிப்பில் செய்பொருள் இருக்கிறது, குப்பை. காலம் இருக்கிறது, எட்டு மணி. நிலம், சர்வீஸ் லிஃப்டும் கீழ்த்தளமும். கருவிக்குப் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி வாங்கி வைத்திருக்கிறார்கள். செயலும் இருக்கிறது. நன்னூல் முதலில் சொல்கிற செய்பவன் மட்டும் இல்லை. பிரிக்கப்படும் என்றால் யாரால்? கொண்டுசெல்லப்படும் என்றால் எவர் தலையில்? இந்தச் செயப்பாட்டு வினைக்குப் பின்னால் எங்கள் சின்னம்மா நிற்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். கலந்து போட்டால் அபராதம் என்று எங்கும் இல்லை. 'காணப்பட்டால்' அபராதம். குப்பை கண்ணில் படுவதுதான் அங்கே குற்றம். தீட்டுக்கும் இதே இலக்கணம்தானே.

கீழ்த்தளத்தில் கார் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. எட்டரை மணிக்குமேல் மூட்டைகள் இறங்கும். சின்னம்மாவோடு இன்னும் மூன்று பெண்கள் அவிழ்த்துக் கொட்டிப் பிரிக்கிறார்கள். சாம்பாரில் ஊறிய குழந்தை டயபர், சர்க்கரைக்காரர்கள் போட்டுக்கொண்ட ஊசி, உடைந்த கண்ணாடி, சவர பிளேடு. சின்னம்மாவின் வலது கட்டைவிரலில் வெட்டுக்காயம் ஆறிக் கறுத்திருந்தது. "கையுறை குடுத்தாங்கம்மா. போட்டா வேர்த்துப் புழுங்குது. கண்ணாடியா பிளாஸ்டிக்கான்னு வெரலுக்குத் தெரியமாட்டேங்குது. வெரலுக்குத் தெரியலன்னா நேரம் ஆயிடும், நேரம் ஆனா சூப்பர்வைசர் கத்துவான்."

அப்புறம் கறுப்புக் கவர்கள். அதில் என்ன இருக்கும் என்று நான் கேட்கவில்லை. நானும் கடலூரில் அப்படித்தான் கட்டிப் போடுகிறேன். என் ரத்தம் வீட்டு ஆம்பளைகள் கண்ணில் படக்கூடாது என்று கறுப்புக் கவரில் சுருட்டுகிறேன். அதை இன்னொரு பொம்பளை கை அவிழ்க்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பெண்ணியம் பேசியிருக்கிறேன், மேடையில்.

சட்டம் இப்படியா சொல்கிறது என்று தேடிப் படித்தேன். இல்லை. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை உண்டாக்குகிறவரே ஈரக்கழிவு, உலர்கழிவு, வீட்டு அபாயக்கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றன. ஊசியும் காலாவதி மருந்தும் பழைய பேட்டரியும் மூன்றாவதில் சேரும். நாப்கினையும் டயபரையும் பொதிந்து உலர்கழிவுத் தொட்டியில் போட வேண்டும் என்றன. பொதிகிற உறையைத் தயாரிக்கிற கம்பெனிகளே தர வேண்டும். 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வளாகக் குடியிருப்புகள் முடிந்தவரை ஈரக்கழிவைத் தங்கள் வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ ஆக்க வேண்டும் என்றும் அந்த விதிகள் சொல்லின. 2026-ன் புது விதிகள் மூன்றை நாலாக்கி, நாப்கின், டயபர் கழிவைத் தனி வகையாகவே வைத்திருக்கின்றன. ஆகச் சட்டத்தின் வாக்கியத்தில் செய்பவர் உண்டு. அது வீட்டுக்காரர். சட்டப் புத்தகத்திலிருந்து லிஃப்ட் சுவருக்கு வருகிற வழியில்தான் அவர் காணாமல் போகிறார். மூன்றாகப் பிரி, நாலாகப் பிரி என்று சட்டம் சொல்லச் சொல்ல, வீட்டுக்காரருக்கு ஒரே மூட்டைதான். சின்னம்மாவுக்குத்தான் வேலை கூடுகிறது.

குப்பையைப் பிரிக்காதே என்று நான் சொல்லவில்லை. பிரிக்கத்தான் வேண்டும். கலந்த குப்பை உரத்துக்கும் ஆகாது, காயலான் கடைக்கும் ஆகாது. அது பெருங்குடிக்கோ கொடுங்கையூருக்கோ போகிறது. எங்கள் கடலூரில் கம்மியம்பேட்டைக்குப் போனது. அழுகி வாயு கிளம்பித் தீப்பிடித்தால் புகை யார் வீட்டுக்குள் போகும் என்று உங்களுக்குத் தெரியும். பிரிக்கிற கை எது என்பதுதான் என் கேள்வி.

நம் இலக்கியத்தில் இந்தக் கைக்கு என்ன இடம் என்று பார்த்தேன். எங்கள் சிதம்பரத்திலிருந்தே தொடங்கலாம். சேக்கிழாரின் நந்தனார் கோயில்களுக்குப் பேரிகைத் தோலும் வாரும் கொடுக்கிறார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுக்கிறார், அர்ச்சனைக்குக் கோரோசனை கொடுக்கிறார். செத்த மாட்டின் கழிவைப் பிரித்து, தோல் வேறு நரம்பு வேறு ஆக்கிய கை அது. பொருள் உள்ளே போனது, கை வெளியே நின்றது. அந்தக் கை உள்ளே போக நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. உரையாசிரியர்கள் இதைப் பக்தி என்பார்கள். நான் இதைச் சர்வீஸ் லிஃப்ட் என்கிறேன்.

தகழியின் 'தோட்டியின் மகன்' மலையாளத்தில் 1947-ல் வந்தது. சுந்தர ராமசாமி தமிழாக்கினார். ஆலப்புழையின் மலத்தை அள்ளிய தமிழர்களின் மூன்று தலைமுறைக் கதை. அதில் சுடலைமுத்து தன் பிள்ளைக்கு மோகன் என்று பேர் வைக்கிறான். தோட்டி மகனுக்கு மோகனா என்று ஊர் சிரிக்கிறது. பேரை மாற்றிவிட்டால் வேலை விட்டுப்போகும் என்று நம்பியவன் அவன். கடைசியில் மோகனும் தோட்டியாகிறான். நம் அரசாங்கமும் சுடலைமுத்து மாதிரிதான் பேர் வைத்துக்கொண்டே வருகிறது. தோட்டி துப்புரவுத் தொழிலாளி ஆனார், துப்புரவுப் பணியாளர் ஆனார், 2020-ல் தூய்மைப் பணியாளர் ஆனார். அடுக்குமாடியில் இங்கிலீஷ் பேர். 2025 ஆகஸ்டில் சென்னைத் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் அவர்களை வெளியேற்றியது. 'அப்புறப்படுத்தப்பட்டனர்' என்றது செய்தி. குப்பைக்குப் போடுகிற அதே வினைச்சொல்.

சுடலைமுத்துவுக்காக அழுதுவிட்டுப் புத்தகத்தை மூடுவது சுலபம். எங்கள் மாவட்டத்துக்காரர் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) அப்படி மூட விடாது. காலனி அழுக்கை வெளுத்து, காலனி வாசலில் சோறு வாங்குகிற ஆரோக்கியம் நம்மைப் பார்த்துத்தான் கேட்கிறாள். தலித்துகளை ஒடுக்குகிறவர்களாகக் காட்டிவிட்டார் என்று அப்போது நம்மவர்களே சண்டைக்குப் போனார்கள். எங்கள் ஆயா, பிள்ளைபெற்ற துணியை யாரிடம் போட்டது என்று யோசித்தால் அந்தச் சண்டை எனக்கு வராது. முனிசிபாலிட்டிக் குப்பை வண்டி தள்ளிய அருந்ததியர் வீட்டில் எங்கள் காலனிக்காரர்கள் தண்ணி வாங்கிக் குடித்ததில்லை. இன்றைக்கு அதே வேலை, நட்டுப் பிழைத்த சின்னம்மாவையும் தேடி வந்துவிட்டது. காண்ட்ராக்டர் சாதி கேட்பதில்லை. கேட்காமலே அந்தக் கொட்டகையில் நாலு பெண்களும் சேரிப் பெண்களாக இருக்கிறார்கள். சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்துப் படிப்படியாக அடுக்கி வைக்கிறது என்று 1936-லேயே அம்பேத்கர் சொன்னார். அடுக்குமாடியில் அந்த அடுக்கைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

வேறு மாதிரி வாக்கியமும் சாத்தியம்தான். புனேயில் குப்பை பொறுக்குகிற பெண்கள் 1993-லேயே சங்கம் வைத்தார்கள். 2008-ல் 'ஸ்வச்' கூட்டுறவாகி, மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடுவீடாகப் போய்க் குப்பை எடுக்கிறார்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். 2013-ல் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பயன்படுத்திய நாப்கின்களை மூட்டை கட்டி, தயாரித்த கம்பெனிகளுக்கே திருப்பி அனுப்பினார்கள். நான் படித்த விமர்சனங்களிலேயே சிறந்தது அதுதான். அங்கே பொறுக்குகிற பெண்தான் எழுவாய், 'அனுப்பினாள்' பயனிலை.

திரும்பி வரும்போது சின்னம்மாவிடம், "அந்த நோட்டீசை எப்படி எழுதணும்னு நெனைக்கிற?" என்று கேட்டேன். "எங்க பேரெல்லாம் வேணாம்டி. அவங்கவங்க ஊசிய அவங்கவங்க ஒரு டப்பால போட்டு மூடிக் குடுக்கச் சொல்லி எழுது" என்றது. நான் இவ்வளவு பக்கம் எழுதியும் வராத திருத்தம் அது.

வாசிக்கிறவர்களிலும் பலர் இப்போது அடுக்குமாடியில் இருக்கிறீர்கள், நம் ஆட்களும்தான். உங்கள் குடியிருப்பில் குப்பையைப் பற்றி ஒட்டியிருக்கிற அறிவிப்பை அப்படியே எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள். அதில் யார் பிரிக்க வேண்டும் என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, 'பிரிக்கப்படும்' என்பதை அடித்து 'நாங்கள் பிரித்துக் கொடுப்போம்' என்று திருத்தச் சொல்லுங்கள். திருத்த மறுத்தால் என்ன காரணம் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். போன வாரத்திலிருந்து என் வீட்டில் மூன்று தொட்டி இருக்கிறது. கறுப்புக் கவர் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.