பென்சில் முனையில் ஒரு பகல் ஆட்டம்

சிகாகோவின் ரெட் லைன் ரயிலில் வந்து அடிசன் நிலையத்தில் இறங்கினால், எதிரிலேயே ரிக்லி ஃபீல்டு. 1914 முதல் பேஸ்பால் ஆடப்படும் மைதானம். உள்ளே போனதும் நான் முதலில் வாங்குவது ஒரு ஸ்கோர் கார்டும் பென்சிலும்தான். ஹாட் டாக் அப்புறம். பகல் 1.20-க்கு முதல் பந்து. அதற்குள் இரு அணியின் பேட்டிங் வரிசையையும் எழுதி முடித்துவிட வேண்டும்.

கையால் ஸ்கோர் எழுதுவது பேஸ்பால் ரசிகர்களின் தனிக் கலை. இதை வளர்த்தெடுத்தவர் ஹென்றி சாட்விக். 1824-இல் இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்து, பிறகு பேஸ்பாலில் மனத்தைப் பறிகொடுத்தவர். கிரிக்கெட் ஸ்கோர் புத்தகம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஸ்கோர் கார்டின் கட்டங்கள் சீக்கிரமே பிடிபட்டுவிடும்.

ஒவ்வொரு பேட்டரும் ஆட வரும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கட்டம். ஃபீல்டிங்கில் நிற்கும் ஒன்பது பேருக்கும் எண் உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ்காரர் 3, இப்படி ரைட் ஃபீல்டர் 9 வரை. சட்டையில் இருக்கும் எண் வேறு; இது நிற்கும் இடத்தின் எண். ஸ்ட்ரைக் அவுட்டுக்கு ஆங்கில ‘கே’. மூன்றாவது ஸ்ட்ரைக்கை மட்டையை அசைக்காமல் பார்த்துக்கொண்டே விட்டுவிட்டால், அதே ‘கே’யை இடம் வலமாகத் திருப்பிப் போடுவோம். வீசி ஏமாந்ததற்கும் நின்று ஏமாந்ததற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஓர் எழுத்தின் திசையில் தெரிந்துவிடும்.

எனக்கு மிகப் பிடித்தது 6-4-3. முதல் பேஸில் ஓர் ஓட்டக்காரர் இருக்கிறார். பேட்டர் அடித்த பந்து தரையில் உருண்டு ஷார்ட்ஸ்டாப்பிடம் (6) வருகிறது. அவர் குனிந்து அள்ளி இரண்டாம் பேஸுக்கு எறிகிறார். அங்கே வாங்கும் இரண்டாம் பேஸ்காரர் (4) பேஸை மிதித்து, தன் காலை நோக்கிச் சறுக்கி வரும் ஓட்டக்காரரைத் தாண்டி எழும்பி, அந்தரத்திலேயே திரும்பி முதல் பேஸுக்கு (3) எறிகிறார். பேட்டர் 90 அடி ஓடி முடிப்பதற்குள் இரண்டு பேர் அவுட். எழுத மூன்று எண்கள் போதும். ஆனால் அந்த மூன்றையும் சரியாக எழுத, கண் பந்தை ஒரு கணமும் விட்டிருக்கக் கூடாது. எழுதுகிறவர்கள் கூர்ந்து பார்ப்பதன் ரகசியம் அதுதான்.

தலை நிமிர்ந்தால் சென்டர் ஃபீல்டுக்கு மேலே 1937-இல் எழுந்த பச்சை நிற ஸ்கோர் போர்டு. அதற்குள் ஆட்கள் இருந்துகொண்டு, ஒவ்வொரு இன்னிங்ஸின் ரன்னையும் எண் தகடுகளாகக் கையால் மாற்றுகிறார்கள். என் மடியில் நான் செய்யும் வேலையை அவர்கள் நாற்பதாயிரம் பேருக்குத் தெரியச் செய்கிறார்கள். எழுதி வைப்பது இந்த மைதானத்தின் சுபாவத்திலேயே ஊறியது. 1908-க்குப் பிறகு 108 ஆண்டுகள் காத்திருந்து 2016-இல் இந்த மைதானத்தின் சொந்த அணியான கப்ஸ் உலகத் தொடரை வென்றபோது, ரசிகர்கள் சாக்பீஸோடு வந்து வெளிச்சுவரின் செங்கற்களில் எழுதினார்கள். அந்த நாளைக் காணாமலே போய்விட்ட அப்பாக்கள், பாட்டிகளின் பெயர்கள் அவற்றில் நிறைய இருந்தன.

ஒரு பகல் ஆட்டத்தில் என் பக்கத்து இருக்கையில் ஒரு முதிய பெண்மணி. அவர் மடியிலும் ஒரு கார்டு. ஐந்தாவது இன்னிங்ஸில் ஒரு பந்து மூன்றாம் பேஸ்காரரின் கையுறையில் பட்டுத் தெறித்தது. ஹிட் என்று நான் எழுதினேன். எரர் என்று அவர் எழுதினார். பிடித்திருக்க வேண்டிய பந்தா, பிடிக்கவே முடியாததா? ஃபீல்டரின் காலடியையும் பந்தின் வேகத்தையும் வைத்து மெல்லிய குரலில் வாதாடினோம். அதிகாரபூர்வ ஸ்கோரரின் தீர்ப்பு வந்தது: எரர். நான் அழித்துவிட்டு மாற்றி எழுதினேன். ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் மைதானமே எழுந்து நின்று பாடியபோது, இருவரும் கார்டை நாற்காலியில் வைத்துவிட்டுச் சேர்ந்து பாடினோம்.

கப்ஸ் தோற்றது. ஸ்கோர் போர்டின் உச்சியில் தோல்விக்கான நீலக் கொடி ஏறியது. ரயிலில் கார்டை விரித்துப் பார்த்தேன். ஐந்தாவது இன்னிங்ஸின் கட்டத்தில் ரப்பர் தேய்த்த சாம்பல் கறை. அதில் விரலை வைத்ததும் பந்து மறுபடியும் தெறித்தது. மூன்றாம் பேஸ்காரரின் இடது கால் ஓரடி பின்னால் நின்றது. அந்த அம்மா பார்த்ததை அப்போதுதான் நானும் பார்த்தேன்.