சிக்கியவரா, சிக்க வைக்கப்பட்டவரா?

தறியிலே நூல் சிக்குகிறது. வலையிலே மீன் சிக்குகிறது. சொல் ஒன்றுதான், செயல் ஒன்றல்ல, தோழர்களே! நூலை எவரும் வேண்டுமென்று சிக்குறச் செய்வதில்லை. மீனோ, வலை விரித்தவன் ஒருவன் இருந்ததாலேயே சிக்கிற்று. இந்த வேறுபாட்டைச் 'சிக்கு' என்னும் வினை காட்டிக்கொடுப்பதில்லை. தன்வினையாக நின்று, செய்தவனைத் திரைக்குப் பின்னே நிறுத்திவிடுகிறது.

சொல்லைப் பழிப்பது நம் நோக்கமன்று. வளமான சொல் அது. வாசலிலே தாய்மார் இடும் சிக்குக்கோலத்தைப் பாருங்கள்: புள்ளிகளைத் தொடாமல் வளைந்து நெளிந்து, புறப்பட்ட இடத்திற்கே வந்து சேரும் இழை! 1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி அக்கோலங்களைக் கணித முறையில் ஆராய்ந்தார். எழுத்தறியாதவர் என்று ஏளனம் செய்யப்பட்ட பெண்களின் விரல்நுனிக் கலை, கல்லூரிக் கரும்பலகை ஏறிற்று. அங்கே சிக்கு என்பது ஒழுங்கின் பெயர்.

நாகைக்கு அருகே சிக்கல் என்றோர் ஊர். 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தின் நாயனக்காரரால் நாடறிந்த பெயர். அதற்குத் தலபுராணம் தரும் காரணம் என்ன? வசிட்டர் வெண்ணெயால் இலிங்கம் செய்தாராம், எடுக்கப் போனாராம், வரவில்லையாம், சிக்கிக்கொண்டதாம்! வெண்ணெய் உருகும் என்பது மோர் கடையும் மூதாட்டிக்குத் தெரியும். புராணம் எழுதியவருக்குத் தெரியவில்லை போலும்.

அதை விடுங்கள். புராணத்தினும் கேடு செய்வது நாள்தோறும் நாம் எழுதும் உரைநடை. கடனில் சிக்கிய உழவர் என்கிறோம். இயந்திரத்தில் சிக்கிய தொழிலாளி என்கிறோம். நச்சுக்காற்றில் சிக்கித் துப்புரவுப் பணியாளர் மாண்டார் என்கிறோம். பாதுகாப்புக் கருவியின்றி மனிதரைக் கழிவுநீர்க் குழியில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. மாண்டவர் குடும்பத்திற்கு 30 இலட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் சிக்கவில்லை, இறக்கப்பட்டார். இறக்கியவர் எழுவாயாக நிற்கவேண்டிய வாக்கியத்தில், காற்று ஏழாம் வேற்றுமை ஏற்று வந்து உட்கார்ந்துகொள்கிறது!

'பிரச்சினை' என்னும் வடசொல்லை விலக்கிச் 'சிக்கல்' என்று எழுதுவது நன்றே. ஆயினும் 'சாதிச் சிக்கல்' என்று எழுதும்போது கை தயங்கவேண்டும். தானே முறுக்கிக்கொண்ட நூல்தான் அச்சொல்லால் நினைவுக்கு வருகிறது. இருபுறத்தாரும் பொறுமையாய்ப் பிரித்தால் போதும் என்ற மயக்கமும் கூடவே வருகிறது. சாதி முறுக்கிக்கொண்ட நூலா? அது முடிச்சு. போட்டவர் உண்டு, அதனால் இன்றளவும் பயன் பெறுவோர் உண்டு.

என் மாணவர்க்கு ஒரு பயிற்சி தருவதுண்டு. நாளிதழில் 'சிக்கி' என்று வருமிடந்தோறும், 'சிக்க வைத்தவர் யார்?' என்று ஓரத்தில் எழுதவேண்டும். பல செய்திகளில் விடை வெளியே தேடும்படி இருப்பதில்லை. கடைசிப் பத்தியிலே, ஒப்பந்தக்காரரின் பெயராக, அது அச்சாகியே இருக்கிறது.