விளிம்பில்லாத விளிம்பு விளைவு: திரவப் படிக ஒளியியல் உறுப்புகள்

கோல் வடிவ மூலக்கூறுகளை மெல்லிய படலத்தில் குறிப்பிட்ட ஒழுங்கில் அமைத்து, அதன் வழியே செல்லும் ஒளியைத் திருப்பும் தட்டையான தகடுகள் திரவப் படிக ஒளியியல் உறுப்புகள் எனப்படுகின்றன. கண்ணாடி லென்ஸ் செய்யும் வேலையை ஒரு படலம் செய்கிறது என்று இவற்றை விளக்குவது வழக்கம். இந்த ஒப்புமை பாதிதான் சரி.

கண்ணாடி லென்ஸின் நடுப்பகுதியும் ஓரமும் வெவ்வேறு தடிமன் கொண்டவை. ஒளி தாமதமாகும் அளவு அதனால் மாறுகிறது. இப்படலத்திலோ தடிமன் எங்கும் ஒன்றே. மாறுவது மூலக்கூறுகள் நோக்கும் திசை மட்டும். படலம் அரை அலைத் தகடாகச் செயல்பட வேண்டும். இரு ஒளிவிலகல் எண்களின் வேறுபாடு 0.15 எனில், 550 நானோமீட்டர் பச்சை ஒளிக்குச் சுமார் 1.8 மைக்ரோமீட்டர் தடிமன் போதும். வட்டத் தளவிளைவு கொண்ட ஒளி இதைக் கடக்கும்போது அதன் சுழற்சித் திசை எதிராக மாறுகிறது. கூடவே, மூலக்கூறு திரும்பியிருக்கும் கோணத்தின் இருமடங்கு கட்ட மாற்றமும் சேர்கிறது. மூலக்கூறுகள் ஒரே திசையில் சீராகத் திரும்பிக்கொண்டே போனால் அது கீற்றணி. மையத்திலிருந்து உள்ள தொலைவின் இருமடிக்கேற்பத் திரும்பினால் லென்ஸ்.

பாடநூல்கள் தரும் 'விளிம்பு விளைவு' என்ற சொல் இங்கே இடறுகிறது. தடையின் விளிம்பில் ஒளி வளைவதாகவே மாணவர் அதைப் படித்திருப்பார். பிளவு, மெல்லிய கம்பி ஆகியவை அவர் மனத்தில் இருக்கும். இப்படலத்தில் பிளவும் இல்லை, ஒளிபுகாக் கோடும் இல்லை. ஆயினும் கீற்றணிச் சமன்பாடு அப்படியே பொருந்துகிறது: விலகு கோணத்தின் சைன் மதிப்பு, அலைநீளத்தை மூலக்கூறுகள் 180 பாகை திரும்பும் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது. 'அலைவளைவு' போன்ற சொல் இதற்குப் பொருத்தமாக இருக்கும்.

இதை ஒளிவிலகல் என்று எழுதுவது அதைவிடப் பெரிய பிழை. நிறத்தைக் கொண்டு சோதித்தால் வேறுபாடு தெரிந்துவிடும். முப்பட்டகம் ஊதாவை அதிகம் விலக்கும். இப்படலம் சிவப்பை அதிகம் விலக்கும். பச்சைக்கு (550 நானோமீட்டர்) 100 மில்லிமீட்டர் குவியத்தூரம் உள்ள படல லென்ஸ், 450 நானோமீட்டர் நீலத்தை 122 மில்லிமீட்டரிலும் 650 நானோமீட்டர் சிவப்பை 85 மில்லிமீட்டரிலும் குவிக்கும். வெள்ளை ஒளியில் பிம்பத்தைச் சுற்றி நிற ஓரங்கள் தோன்றாமல் இருக்க முடியாது. இன்னொன்று: ஒரு சுழற்சித் திசைக்குக் குவிலென்ஸாக இருப்பது, எதிர்ச் சுழற்சிக்குக் குழிலென்ஸாகிவிடும். சாதாரண விளக்கொளியில் பாதி குவியும், பாதி விரியும். 'மெல்லியது, இலேசானது' என்ற புகழுரைகளில் இவை இரண்டும் அடிபட்டுப் போகின்றன.

அதே குறைகளே பயனாகவும் மாறுகின்றன. எதிர் வரிசையில் நிறம் பிரிவதால், கண்ணாடி லென்ஸுடன் சேர்த்து அதன் நிறப் பிழையைக் குறைக்கலாம். சுழற்சித் திசையை மின்னழுத்தத்தால் மாற்றினால் லென்ஸின் திறன் குறி மாறும். 2019இல் ஃபேஸ்புக் காட்டிய ஹாஃப் டோம் 3 என்ற மெய்நிகர்க் காட்சிக் கருவியின் முன்மாதிரியில் 6 திரவப் படிக லென்ஸுகள் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் இரு நிலைகள் என்பதால் 64 குவியத் தளங்கள் கிடைத்தன.

எளிய விளக்கங்கள் பல, இந்தக் கட்ட மாற்றத்தைக் கண்டவரின் பெயரையும் தாண்டிப் போகின்றன. தளவிளைவுற்ற ஒளியின் நிலை மாறும்போது இத்தகைய கட்டம் சேர்வதை 1956இல், தம் 22ஆம் வயதில், பெங்களூரிலிருந்து எழுதியவர் சி. வி. இராமனின் மருமகன் எஸ். பஞ்சரத்னம். குவாண்டம் இயற்பியலில் 1984இல் இதையொத்த கட்டத்தை விளக்கிய மைக்கேல் பெரி, 1987இல் பஞ்சரத்னத்தின் முன்னுரிமையை எழுத்தில் ஏற்றார். அதற்கு 18 ஆண்டுகள் முன்பே, 35 வயதில், பஞ்சரத்னம் ஆக்ஸ்போர்டில் காலமாகியிருந்தார். அவருடைய அண்ணன் எஸ். சந்திரசேகர், இராமன் ஆய்வு நிறுவனத்தில் திரவப் படிக ஆய்வுக்கூடத்தை உருவாக்கி, 1977இல் வட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று காட்டியவர்.