எந்தப் பொட்டி?

எங்க ஊர் வேப்பனப்பள்ளி. ஒரு பக்கம் கர்நாடகம், ஒரு பக்கம் ஆந்திரம். டீக்கடையில் பேச்சு தெலுங்கில் தொடங்கும், நடுவில் கன்னடம் நுழையும், கணக்கு தமிழில் முடியும். இந்தக் கலப்புப் பேச்சைத்தான் பக்கத்துத் தெருப் பெண் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். போன வாரம் கேட்டாள்: “அண்ணா, அவார்டுக்கு அனுப்பினா என்னை எந்தப் பொட்டியில போடுவாங்க?”

அவள் கேட்டது பல்கலைக்கழக மானியக் குழுவின் திட்டம் பற்றி. சிறந்த ஆய்வேடுகளை ஆண்டுதோறும் பாராட்டும் அந்தத் திட்டத்தின் வரைவு 2024இல் வந்தது. அறிவியல், பொறியியல், சமூக அறிவியல், இந்திய மொழிகள், வணிகவியல்–மேலாண்மை என ஐந்து பிரிவு. ஒரு பல்கலைக்கழகம் பிரிவுக்கு ஒன்று அனுப்பலாம். கடைசியில் பிரிவுக்கு இரண்டு வீதம் நாடு முழுக்கப் பத்து. எட்டாவது அட்டவணையில் மட்டுமே 22 மொழிகள். அத்தனைக்கும் சேர்த்து இரண்டு.

எண்ணிக்கை குறைவு என்பது என் குறை இல்லை. பரிசுன்னா அப்படித்தான். என் குறையெல்லாம் அந்தப் பொட்டி மேலதான்.

க. கைலாசபதியை எடுத்துக்கொள்வோம். பர்மிங்காமில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தவர். சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரப் பாடல்களோடு வைத்துப் பார்த்து, அவை பாணர்களின் வாய்மொழி மரபில் பிறந்தவை என்றார். ஆக்ஸ்ஃபோர்டு 1968இல் அதை நூலாக வெளியிட்டது. இது தமிழா, கிரேக்கமா, சமூக வரலாறா? மூன்றுக்கும் நடுவில் நின்றதுதான் அதன் பலம். பலவீனமும் அங்கேதான். ஒப்பீட்டு வேகத்தில், எழுதத் தெரிந்த புலவனின் நுட்பத்தை அது குறைத்து மதிப்பிட்டது என்றே நினைக்கிறேன். ஜார்ஜ் எல். ஹார்ட்டும் அந்த வாதத்தை ஏற்கவில்லை. பாணர் மரபை உள்வாங்கிய புலவர்கள் எழுதியவை என்றார். ஆனா மறுக்கணும்னா முதல்ல படிக்கணுமே. அரை நூற்றாண்டு தாண்டியும் படிக்கிறோம், சண்டை போடுகிறோம். ஆய்வேட்டுக்கு இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை.

பாராட்டே வேண்டாம்னு சொல்லல. சோத்கங்கா தளத்தில் ஆய்வேடுகள் இலவசமாகவே கிடைக்கின்றன, படிக்கத்தான் ஆளில்லை. பரிசு பெற்றவற்றையாவது நூலாக்கி, கறாரான மதிப்புரை ஒன்றையும் சேர்த்துப் போடலாம். இரண்டு துறைக்காரர்கள் சேர்ந்து படிக்க ஆறாவது பிரிவு ஒன்றும் வைக்கலாம்.

அவளிடம், “இப்போதைக்கு இந்திய மொழிகள்னு போடும்மா” என்றேன்.

“எந்த மொழிண்ணா?”

எனக்குப் பதில் வரவில்லை. டீக்காரர் பாக்கிச் சில்லறையைக் கன்னடத்தில் எண்ணிக்கொண்டிருந்தார்.