கடாரம் கொண்டவனும் குளம் வெட்டியவனும்

வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்கள் போடும் ஆண்டு மலர்களைக் கொஞ்ச நாளாகச் சேர்த்துவைத்துப் படித்து வருகிறேன். லீவுக்கு ஊர் வரும் நண்பர்கள் கொண்டுவந்து கொடுப்பவை. எந்த நாட்டு மலராக இருந்தாலும் வரலாற்றுக் கட்டுரை ஒன்று கட்டாயம் இருக்கும். அது பெரும்பாலும் எங்க ஊர்ப் பக்கத்தில்தான் தொடங்கும். ராஜேந்திரன் கப்பல் விட்டான், கடாரம் வென்றான், அன்றைக்கே நாம் கடல் கடந்தோம், இன்றைக்கு துபாயிலும் டல்லாஸிலும் இருக்கிறோம். இவ்வளவுதான் கட்டுரை. 2025 ஆடித் திருவாதிரையில் ஆயிரமாண்டு விழா நடந்து, பிரதமர் கங்கைகொண்ட சோழபுரம் வந்து நாணயம் வெளியிட்டுப் போன பிறகு இந்த வகை எழுத்துக்கு இன்னும் வேகம் கூடிவிட்டது.

ராஜேந்திரன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மீன்சுருட்டிக்காரனுக்கு அவன் பக்கத்து ஊர்க்காரன். ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் கோயில் விமானம் தெரிந்துவிடும். என் குறை வேறு. படையெடுப்பு என்பது போய்த் திரும்பி வருவது. அந்நிய ஊரில் தங்கி, கூடி வாழ்வதற்கு ஓர் அமைப்பு வைத்துக்கொள்வது முற்றிலும் வேறு காரியம். சங்கத்தின் மலர் என்றால் சங்கத்துக்கு முன்னோர் யார் என்றுதானே தேடணும்? அந்த முன்னோர் கல்லிலேயே இருக்காங்க, மலர்க் கட்டுரையில்தான் இல்லை.

தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபா என்று ஓர் இடம். அங்கே 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. சிதைந்த கல். நாங்கூரோடு தொடர்புள்ள ஒருவர் குளம் தொட்டார், அதன் பெயர் அவனிநாரணம், அது மணிக்கிராமத்தார்க்கும் சேனாமுகத்தார்க்கும் அடைக்கலம் என்கிற அளவுக்கு வாசிக்க முடிகிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். மணிக்கிராமம் வணிகர் குழு. சீர்காழிப் பக்கத்து நாங்கூர்ப் பெயர் கடல் தாண்டிப் போய்ச் செய்த முதல் வேலை என்ன என்று பாருங்க: குளம் வெட்டியது. வெட்டியதோடு விடாமல், அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒரு குழுவிடம் ஒப்படைத்தது. ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி சொல்லும் பதின்மூன்று இடங்களில் தலைத்தக்கோலம் ஒன்று. அது இந்தத் தகுவாபாதான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அப்படியானால், குளம் வெட்டி ஏறக்குறைய நூற்றெழுபது வருஷம் கழித்துப் படை வந்திருக்கிறது. மலர்க் கட்டுரையில் வரிசை தலைகீழாக இருக்கிறது.

அடுத்தது சுமத்ராவின் பாருஸ். கற்பூரத்துக்குப் பேர்போன துறை. அங்கே லோபு துவா என்ற இடத்தில் 1873இல் கண்டெடுத்த கல், சக ஆண்டு 1010, அதாவது பொ.ஆ. 1088. நீலகண்ட சாஸ்திரி 1932இல் இதைப் பற்றி எழுதினார், பிறகு எ.சுப்பராயலு மறுவாசிப்பு செய்தார். எழுத்துத் தேய்ந்த இடங்களில் வாசிப்பு மாறும், ஆனாலும் சாரம் தெளிவு. திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் அந்தப் பட்டினத்தில் கூடுகிறார்கள். வரும் மரக்கலத்தின் நாயகரும் கூட வருவோரும் கஸ்தூரி விலைப்படி பொன்னில் ஒரு துண்டாயம் செலுத்த வேண்டும், அதன் பிறகே பாவாடை ஏறலாம், அதாவது விரித்த துணிமேல் கால் வைக்கலாம், என்று முடிவு எடுத்துக் கல்லில் வெட்டி நாட்டுகிறார்கள். இன்றைய மொழியில் சொன்னால் சந்தா. தங்கள் ஆட்களை 'நம் மகனார்' என்று உறவுமுறை வைத்துச் சொல்லும் சொல்லும் அதில் வருகிறது.

என்னை யோசிக்க வைத்தது அதில் இல்லாத ஒரு விஷயம். அரசன் பெயர் இல்லை. கடாரம் கொண்டு அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, சோழநாட்டில் முதலாம் குலோத்துங்கன் ஆள்கிறான், கல்லோ சக ஆண்டைச் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்குப் போகிறது. மெய்க்கீர்த்தி கிடையாது, போற்றி கிடையாது. கூடினோம், முடிவு செய்தோம், வசூல் இவ்வளவு. முதல் நாலு பக்கம் அமைச்சர்கள் வாழ்த்துச் செய்தி போடும் நம்ம மலர்களை இந்தக் கல்லோடு வைத்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வருது.

சீனாவின் சுவான்சௌவில் 1281இல் சிவன் கோயில் எடுத்தவர்கள் கானின் உடல்நலத்துக்கு வேண்டிக்கொண்டார்கள். வாழவந்த நாட்டின் ராஜாவுக்குப் பிரார்த்தனை, அது நடைமுறை ஞானம். நம்ம கரையிலும் இதன் மறுபக்கம் உண்டு. ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டினான், ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்தான். வந்தேறிகளின் கோயிலுக்கு நெல் அளந்த ஊர் நம்முடையது. இதை எந்த மலரிலும் நான் பார்த்ததில்லை.

வணிகக் குழுக்களை ரொம்பத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம். அவர்கள் ஆயுதம் வைத்திருந்தார்கள், காவல்படை வைத்திருந்தார்கள். 'நம் மகனார்' என்ற சொல்லுக்குள் துடுப்பு வலித்தவன் இருந்தானா, சுமை தூக்கியவன் இருந்தானா? சந்தா கட்டும் வரிசையில் கப்பலோடு வருபவர்கள் நிற்கிறார்கள், முடிவெடுக்கும் இடத்தில் ஐந்நூற்றுவர் இருக்கிறார்கள். அந்தக் கோடு இன்னும் அழியவில்லை.

எங்க தெருவில் ஒருத்தர் வளைகுடாவில் பதினோரு வருஷம் கம்பி கட்டும் வேலை பார்த்தவர். அங்கே தமிழ்ச் சங்கம் இருந்ததா என்று கேட்டேன். "இருந்துச்சு தம்பி, அது ஆபீஸ்காரங்களுக்கு. பொங்கலுக்கு ஓட்டல்ல நடத்துவாங்க. நமக்கு வெள்ளிக்கிழமை துணி தொவைக்கவே நேரம் சரியா இருக்கும்"னார். கேம்ப்பில் கூட இருந்த ஒரு பையன் இறந்தபோது பெட்டியை ஊருக்கு அனுப்ப ரூமுக்கு ரூம் போய்ப் பணம் திரட்டியது இவரும் இன்னும் நாலு பேரும். அந்த வசூலுக்குப் பெயரும் இல்லை, லெட்டர்பேடும் இல்லை.

எத்தியோப்பியாவில் இதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு, 'இத்திர்' என்பார்கள். மாதாமாதம் சிறு தொகை கட்டுவது. உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால் பந்தல், பெஞ்சு, பாத்திரம் எல்லாம் பொதுவிலிருந்து வரும், துக்கத்துக்கு ஆள் வந்து உட்காரும். அமெரிக்காவுக்குப் போன எத்தியோப்பியர்கள் அங்கேயும் இதை நடத்துகிறார்கள். பண்பாட்டைக் காப்பது என்றால் நாம் மேடை, குத்துவிளக்கு, பட்டிமன்றம் என்று நினைக்கிறோம். அவர்களுக்குப் பிணத்தை அடக்கம் செய்வதும் பண்பாடு. நம்ம கிராமத்திலும் அப்படித்தானே, சாவு வீட்டுக்குப் போகாதவனை ஊர் மதிக்குமா?

நம்மவர்கள் செய்யாததும் இல்லை. சிங்கப்பூரில் 1932இல் தொடங்கிய தமிழர் சீர்திருத்தச் சங்கம், அதிலிருந்து 1935இல் வந்த தமிழ் முரசு, கோ. சாரங்கபாணி. 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தோட்டியும் துறைமுகத் தொழிலாளியும் உட்படத் தமிழர்கள் பதிந்துகொள்ளணும் என்று அலைந்தவர் அவர். அவர் தொடங்கிவைத்த தமிழர் திருநாளை மலர்கள் ஞாபகம் வைத்திருக்கின்றன, குடியுரிமைப் படிவத்தை மறந்துவிட்டன.

இப்போது ஜனவரி 12 அயலகத் தமிழர் தினம், நல வாரியம் வேறு வந்திருக்கிறது. வரட்டும். அடுத்த மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டால் கடாரம் பற்றித் தர மாட்டேன். உங்க சங்கத்தின் வரவு செலவைக் கொடுங்க, அதில் விழா மண்டபத்துக்கு எவ்வளவு, பெட்டி அனுப்ப எவ்வளவு என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்பேன்.